அவள் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? ஏற்றத்தாழ்வான காதலைக் கதையாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் ஒரு மாத இதழுக்குச் சிறுகதை அனுப்பினேன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் முதலாளிக்கும், அங்கே கணக்கெழுதும் பெண்ணுக்கும் காதல். சிவராஜுக்கு 43 வயது, மனைவியை இழந்தவர். மலருக்கு 24, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். மின்சாரம் போன மழை இரவு, ஜெனரேட்டர் சத்தம், வரிசையாக நின்றுபோன தையல் மெஷின்கள், அவற்றுக்கு நடுவே அவர் தன் மனதைச் சொல்லும் இடம். நாலு முறை திருத்தி எழுதிய இடம் அது.

கதை திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: "அவள் வேண்டாம் என்றால் என்ன ஆகும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்தான் வேண்டாம் என்று சொல்லவில்லையே! பிறகு எப்படியோ அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு பக்கம் நிறைந்ததும்தான் நான் எழுதியிருந்தது காதல் கதைதானா என்ற சந்தேகமே வந்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பென்சில் வரியிலிருந்து பிறந்ததுதான்.

முதலில் ஓர் எல்லை. இங்கே பேசுவது வயது வந்த இருவரைப் பற்றி. ஒருவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் அதைக் காதலின் ஏற்றத்தாழ்வு என்று சொல்ல முடியாது. 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் அந்த வயதில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை எழுதலாம், எழுதவும் வேண்டும்; குற்றத்தின் கதையாக.

முதல் படி: இரண்டு கணக்குகளைத் தனித்தனியே எழுதுங்கள்

அதிகாரம் ஒரு கணக்கு, பக்குவம் வேறொரு கணக்கு. புதிதாக எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுவிடுகிறார்கள்: பணமுள்ளவர், வயதானவர், ஆகவே விவரம் தெரிந்தவர், ஏழை, இளையவள், ஆகவே வெகுளி. வாழ்க்கை இவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யமுனா பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். உலகத்தைப் பார்த்தவள், தன்னையும் அறிந்தவள். கும்பகோணத்தில் படித்துக்கொண்டு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கும் பையன் அவள் முன்னால் தவிக்கிறான். பக்குவக் கணக்கில் தராசு முழுக்க அவள் பக்கம். அதிகாரக் கணக்கைப் பாருங்கள்: அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ஊர் மதிக்கும் பிறப்பு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆண். அவளோ மராட்டியத் தாய்க்கும் பிராமணத் தந்தைக்கும் பிறந்தவள், அந்தத் தாயும் இரண்டாம் தாரம். வருகிற வரன்கள் அந்தப் பிறப்பில் வந்து முட்டி நிற்கின்றன. வருமானம் வற்றுகிறது. பல வருடங்கள் மறுத்தவள், வறுமை துரத்திச் சென்னைக்கு வந்த பிறகுதான் இணங்குகிறாள். அந்த இணக்கத்தில் அன்பு எவ்வளவு, நன்றி எவ்வளவு, அலுப்பு எவ்வளவு? ஜானகிராமன் பிரித்துச் சொல்வதில்லை. இரண்டு தராசுகளும் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால்தான் அந்தக் கேள்வி நாவலை மூடிய பிறகும் தொடர்கிறது.

ஒரு தாளை நடுவில் மடித்து, உங்கள் இரு பாத்திரங்களுக்கும் இந்த இரண்டு கணக்குகளையும் எழுதுங்கள். பொதுவாக எழுத வேண்டாம். 'பணக்காரர்' என்று எழுதினால் அடித்துவிட்டு, 'ஹாஸ்டல் வார்டனுக்கு ஒரு போன் போட்டால் இரவு எத்தனை மணிக்கும் கதவு திறக்க வைக்க முடிந்தவர்' என்று எழுதுங்கள்.

இரண்டாம் படி: மறுப்பின் விலையைக் கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். கதைக்குள் வராத ஒரு பக்கத்தை எழுத வேண்டும்: காதலைச் சொன்ன அந்த நிமிடத்தில் இவள் வேண்டாம் என்கிறாள், மறுநாள் காலையிலிருந்து நடப்பது என்ன?

மலருக்கு நான் எழுதியது இது. வேலையை விட வேண்டிவரும். தம்பியின் காலேஜ் பீஸுக்காக வாங்கிய 30,000 ரூபாய் அட்வான்ஸை மாதம் 2,500 வீதம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு மாதம்தான் கழிந்திருக்கிறது. நின்றுகொண்டால் மீதி 20,000 ரூபாயை மொத்தமாகக் கேட்பார்கள். ஹாஸ்டல், கம்பெனி பேரில் எடுத்தது. அடுத்த கம்பெனிக்குப் போனால் "முன்னே எங்கே இருந்தாய், ஏன் நின்றாய்?" என்று கேட்பார்கள். ஊரில் அம்மா கேட்பாள். இத்தனை கேள்விகளுக்கும் அவளால் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

சிவராஜுக்கு? இரண்டு நாள் முகம் வாடும். புதுக் கணக்கர் தேட ஒரு வாரம் ஆகும்.

இரண்டு பட்டியல்களின் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த நீள வித்தியாசம்தான் உங்கள் கதையின் ஏற்றத்தாழ்வு. வயது வித்தியாசம், சம்பள வித்தியாசம் எல்லாம் இதற்குள் அடக்கம். இதைக் கண்டுபிடித்த பிறகு கதையில் இதை விளக்கக் கூடாது; மலர் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் இந்தப் பட்டியல் அவள் மனதில் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். சிரிப்பு தானாக மாறிவிடும்.

இன்னொன்று. அவளுக்கு உண்மையிலேயே அவரைப் பிடித்திருக்கலாம். பிடித்திருக்கிறது என்பதால் விலை தள்ளுபடி ஆகிவிடாது. பிடித்தும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, எது எங்கே முடிகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுதுவதற்கு இதைவிட நல்ல நிலம் வேறு எங்கே கிடைக்கும்?

மூன்றாம் படி: பணத்தை எண்ணிக் காட்டுங்கள்

நம் கதைகளில் காதலர்கள் பணம் பேசுவதில்லை. பேசினால் காதல் அசிங்கப்பட்டுவிடும் என்று ஒரு கூச்சம். சார்லோட் பிராண்டேக்கு அந்தக் கூச்சம் கிடையாது. 1847-ல் வந்த அவருடைய 'ஜேன் அயர்' நாவலில் 18 வயது ஜேன், ரோசெஸ்டரின் மாளிகையில் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தருகிறாள். வருடச் சம்பளம் 30 பவுண்டு. அவரோ அவளைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர்.

சாகக் கிடக்கும் அத்தையைப் பார்க்க அவள் விடுமுறை கேட்கிறாள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார் அவர். ஐந்து ஷில்லிங். அவளுக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி 15 பவுண்டு. அவர் நீட்டுவது 50 பவுண்டு நோட்டு. என்னிடம் சில்லறை இல்லை என்கிறாள் அவள். சில்லறை வேண்டாம், வைத்துக்கொள் என்கிறார். சேர வேண்டியதற்கு மேல் தொடமாட்டேன் என்கிறாள். முகத்தைச் சுளித்தவருக்குச் சட்டென்று ஒரு யோசனை: 50 கையில் இருந்தால் மூன்று மாதம் வராமலேயே இருந்துவிடுவாளே! பத்து மட்டும் கொடுக்கிறார். ஜேன் விடுவதில்லை: அப்படியானால் நீங்கள் எனக்கு ஐந்து தர வேண்டும். திரும்பி வந்து வாங்கிக்கொள், அதுவரை நான்தான் உன் வங்கி என்கிறார் அவர்.

ஒரு பக்கம்கூட வராத இந்த இடத்தில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். அளவுக்கு மேல் கொடுப்பதும் கயிறு, குறைத்துக் கொடுப்பதும் கயிறு. அவருக்கு அவள் திரும்ப வர வேண்டும், அதைக் கேட்கத் தெரியவில்லை, சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். வயதில் பாதியாக இருக்கும் பெண்ணோ கணக்கைத் துல்லியமாகச் சொல்லித் தன் இடத்தில் நிற்கிறாள். இருவரும் சிரித்த முகமாகத்தான் பேசுகிறார்கள். அதிகாரம், பக்குவம் என்ற சொற்கள் இல்லாமலேயே இரண்டும் மேஜைமேல் வந்துவிட்டன.

என் கதையிலும் பணம் வந்தது. மழை இரவில் சிவராஜ், "அந்த அட்வான்ஸை விட்டுவிடு மலர், இனிமேல் பிடிக்க வேண்டாம்" என்கிறார். அவள் கண்கள் கலங்குகின்றன. அது பெருந்தன்மை என்று நினைத்து எழுதியிருந்தேன்! காதலைச் சொல்லும் அதே இரவில் கடனைத் தள்ளுகிறவர் என்ன செய்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான்காம் படி: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள்

தமிழில் எழுதுகிறவருக்கு வாய்த்த பெரிய வசதி இது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். நமக்கு நீ, நீங்கள், அவற்றுக்கு நடுவே பெயர் சொல்லாமல், முன்னிலையே இல்லாமல் சமாளிக்கும் ஆயிரம் வழிகள். 'சாப்பிட்டாச்சா?' என்ற கேள்வியில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. மரியாதையைக் குறைக்கத் துணியாதவர்களும் கூட்ட விரும்பாதவர்களும் அங்கேதான் ஒதுங்குகிறார்கள்.

இதற்கென்று தனியாக ஒரு வரைபடம் போடுங்கள். சிவராஜ் மலரை ஆரம்பத்தில் 'என்னம்மா' என்றுதான் கூப்பிடுகிறார். அந்த 'ம்மா' அப்பாவும் சித்தப்பாவும் போடுவது. ஒரு நாள் அது உதிர்ந்து வெறும் 'மலர்' ஆகிறது. கதை திரும்பும் இடம் அதுதான், மழை இரவு அல்ல. மலரோ கடைசிவரை 'சார்'. அவர் "இன்னும் என்ன சார்?" என்று கேட்டால் அவளுக்கு வேறு சொல் கிடைக்காது. பெயர் சொல்ல வாய் வராது. 'என்னங்க' என்பது மனைவியின் சொல், அதை எடுத்துக்கொள்ள யாரும் அவளுக்கு இன்னும் உரிமை தரவில்லை. ஆக, வாயை மூடிக்கொண்டு புன்னகைப்பாள். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்வார்.

ஊரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொங்குப் பக்கத்தில் 'ங்க' தாராளம், சின்னப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். அங்கே மரியாதை இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை, எந்த இடத்தில் அது குறைகிறது என்று பார்க்க வேண்டும். உசிலம்பட்டிக்காரிக்கு அந்த 'ங்க' முதலில் அன்பாகவே கேட்கும். புது ஊரின் பொதுவான நாகரிகத்தைத் தனக்கென்று காட்டிய பரிவாக அவள் எடுத்துக்கொள்கிறாள் என்றால், பக்குவக் குறைவை இதைவிட மென்மையாகக் காட்ட முடியாது.

கதாசிரியரின் வாயையும் சோதிக்க வேண்டும். பாத்திரங்கள் பேசாத இடத்திலும் தமிழ் வினைமுற்று பேசிக்கொண்டே இருக்கிறது. 'சிவராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலர் தலையைக் குனிந்துகொண்டாள்.' இங்கே கதை சொல்பவரும் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் போலத்தான் இருக்கிறார். முதலாளிக்கு 'ஆர்', கணக்கெழுதும் பெண்ணுக்கு 'ஆள்'. இதையே 'சிவராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்' என்று மாற்றிப் பாருங்கள். ஆள் சட்டென்று சுருங்கி, என்ன சொல்வது என்று தெரியாமல் நேரம் கடத்தும் ஒருவனாகிவிடுகிறான். என் கதை முழுவதையும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து 'ஆன்' விகுதிக்கு மாற்றினேன். அவனுடைய கம்பீரத்தில் பாதி இலக்கணத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. இதற்கு விதி எதுவும் இல்லை. மலரின் பார்வையில் கதை போனால் 'ஆர்' சரியாகவே இருக்கும். அவள் மனதுக்குள் அவர் எந்த வரியில் 'அவன்' ஆகிறான் என்பதை மட்டும் நீங்கள் முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பக்குவத்தை வயதிலிருந்து பிரியுங்கள்

43 வயதுவரை யாரும் மறுத்துப் பேசாத மனிதனுக்கு மறுப்பைத் தாங்கும் பக்குவம் எங்கிருந்து வரும்? சாப்பாட்டை ஒதுக்கிவைப்பான், போனை எடுக்கமாட்டான், பேக்கிங் பிரிவில் யாரோ ஒருவர் மேல் பாய்வான். பெரிய மனிதரின் சிறுபிள்ளைத்தனத்தை இரண்டே இடத்தில் காட்டுங்கள், போதும். மூன்றாவது இடத்தில் அவர் கேலிப் பொருளாகிவிடுவார். அதுவும் உண்மையாக இருக்காது.

இளையவர் பக்கம் வேறொரு பள்ளம் இருக்கிறது. வீட்டுப் பாரத்தைச் சின்ன வயதிலேயே சுமந்த பெண், எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று கற்றிருப்பாள். பிழைப்பதற்காகக் கற்ற வித்தை அது. அன்பில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் பக்குவம் வேறு. அது அவளுக்கு இன்னும் வந்திருக்காது. 'வயதுக்கு மீறிய பக்குவம்' என்ற சொற்றொடரை நீங்கள் எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் சிவராஜின் வாயில் போடுங்கள். தன் குற்ற உணர்வை அடக்கிக்கொள்ள அவருக்கு அந்த வாக்கியம் தேவைப்படும்.

ஆறாம் படி: பார்க்கிற மூன்றாம் ஆள்

இருவர் மட்டும் இருக்கும் அறையில் ஏற்றத்தாழ்வு தெரியாது. ஒருவர் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜேனுக்குத் திருமணம் நிச்சயமானதும் அந்த மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் ஃபேர்ஃபாக்ஸ் அம்மாள் வாழ்த்துவதில்லை. இருபது வயது வித்தியாசத்தைச் சொல்கிறாள். அவர் நிலையில் உள்ளவர்கள் பாடம் சொல்லித்தரும் பெண்களைக் கல்யாணம் செய்து வழக்கமில்லை, கொஞ்சம் விலகியே இரு என்கிறாள். ஜேனுக்கு எரிச்சல் வருகிறது, நமக்கும் வருகிறது. கிழவி சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பது பின்னால் தெரியும்போதுதான் வலிக்கிறது. உங்கள் கதையில் செக்கிங் பிரிவு அக்கா ஒருத்தி போதும். அவள் உபதேசம் செய்ய வேண்டாம். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்க வரும்போது மலரிடம் வழக்கமாகப் பேசுகிறவள், ஒரு வாரம் பேசாமல் பணத்தை எண்ணிக்கொண்டு போகட்டும்.

ஏழாம் படி: சட்டம் அறையில் இருக்கிறது

இன்றைய காலத்தில் நடக்கும் கதை என்றால் இதைத் தவிர்க்க முடியாது. 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில், பணியிடங்களில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்தது. 2013-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். கதையை வழக்காக மாற்றச் சொல்லவில்லை. நோட்டீஸ் பலகையில் அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்து ஒட்டியவளே மலராக இருக்கலாமே! குழுவில் உள்ள நால்வரில் எத்தனை பேர் சிவராஜின் சொல்லை மீறுவார்கள் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

எட்டாம் படி: தராசை அசைப்பது

தொடக்கத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு முடிவிலும் அப்படியே இருந்தால் அது ஒருவகைக் கதை. அசைக்க வேண்டும் என்றால் தாழ்ந்த தட்டை உயர்த்தலாம், உயர்ந்த தட்டை இறக்கலாம். பிராண்டே இரண்டையும் செய்தார். ஜேனுக்குச் சித்தப்பாவிடமிருந்து 20,000 பவுண்டு வருகிறது; அவள் அதை நான்காகப் பங்கிட்டுத் தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். ரோசெஸ்டர் தீ விபத்தில் பார்வையையும் ஒரு கையையும் இழக்கிறார். திரும்பி வரும் ஜேன், நான் இப்போது யாரையும் சார்ந்தவள் அல்ல, பணமும் இருக்கிறது என்கிறாள். அப்போதும் 'சார்' போட்டுத்தான் சொல்கிறாள். சொல் பழையது, எடை புதியது.

ஆனால் என் தனிப்பட்ட கருத்தைச் சொல்கிறேன்: அந்தத் தீயும் பரம்பரைச் சொத்தும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நாவலாசிரியர் தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துவது தெரிகிறது. உண்மையில் தராசு அசைந்தது அதற்கு வெகுமுன்னால், அவருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்து, அவருடன் இருக்க மறுத்து அவள் விடியற்காலையில் வீட்டை விட்டுப் போனபோது. அவர் வற்புறுத்தித் தந்த முத்துமாலையை, தன்னுடையது அல்ல என்று வைத்துவிட்டுப் போகிறாள். கோச்சு வண்டிக்காரன் 30 ஷில்லிங் கேட்கிறான், கையில் இருப்பது 20. அதைக் கொடுத்து அந்தப் பணம் போகும் தூரம்வரை போகிறாள். மறுப்பின் முழு விலையையும் அவள் அங்கே கட்டிவிட்டாள். உங்கள் கதாநாயகனுக்கு விபத்து, பக்கவாதம், தொழில் நஷ்டம் என்று யோசிக்கும் முன்னால், கதாநாயகி பஸ் டிக்கெட்டுக்குக் கையில் எவ்வளவு வைத்திருக்கிறாள் என்று யோசியுங்கள்.

ஒன்பதாம் படி: திருத்தி எழுதும்போது

முதல் வரைவை வைத்துக்கொண்டு இரண்டு நிறப் பென்சில்கள் எடுங்கள். ஒவ்வொரு உரையாடலையும் யார் தொடங்கினார், யார் முடித்தார் என்று குறியுங்கள். யார் உட்கார்ந்திருந்தார், யார் நின்றார். கதவுக்குப் பக்கத்தில் யார். என் கதையில் பதினோரு உரையாடல்கள். பதினொன்றையும் தொடங்கியவர் அவர், ஒன்பதை முடித்தவரும் அவர். மலர் ஒரு முறைகூட உட்காரவில்லை என்பதை எழுதிய எனக்கே பென்சில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. உங்களுக்குத் தெரிந்தே அப்படி இருந்தால் அப்படியே விடுங்கள்.

மழை இரவை நான் மறுபடி எழுதினேன். ஜெனரேட்டர் இருக்கிறது, மெஷின்கள் இருக்கின்றன. சிவராஜ் கண்ணாடியைத் துடைக்கிறார். அட்வான்ஸை விட்டுவிடு, இனிமேல் பிடிக்க வேண்டாம் என்கிறார். மலர் அழவில்லை. பேரேட்டை இழுத்துத் தன் பெயர் உள்ள பக்கத்தைத் திறக்கிறாள். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு கேட்கிறாள்:

"எந்தக் கணக்கில் எழுதட்டும், சார்?"